தங்கூசி சுற்றிய கால்: புளஃபர்ஸ் பார்க்கில் ஒரு கனடா வாத்து

கனடாவின் ரொறன்ரோ மாநகரில் உள்ள ஸ்காபுறோவின் தென்கரையில், பிரிம்லி வீதி செங்குத்தாக இறங்கி ஒன்ராறியோ ஏரியோடு முட்டுகிற இடத்தில் இருக்கிறது புளஃபர்ஸ் பார்க். கோடைச் சனிக்கிழமைகளில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஜூன் கடைசியில் அப்படி ஒரு சனிக்கிழமை பின்னேரம், இரண்டு குடும்பமாகப் போய், கோழி வாட்ட அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தோம். என் மகள் ஓடி வந்தாள்.

“அப்பா, அங்க ஒரு கூஸுக்குச் செட்டை முறிஞ்சுபோச்சு. பறக்கேலாம நிக்குது. வாங்கோ.”

போய்ப் பார்த்தேன். கரைப் புல்லில் இரண்டு பெரிய கனடா வாத்துகளும், ஏறக்குறைய வளர்ந்துவிட்ட நாலு குஞ்சுகளும் நின்றன. பெரியவற்றில் ஒன்றைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர் பாண் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பையன்கள் துவாயை விரித்துப் பிடித்தபடி பதுங்கிப் பதுங்கி நெருங்கினார்கள். எங்கள் ஊர் அம்மா ஒருவர், “பாவம், ஆரோ அடிச்சுப்போட்டினம். கொஞ்சம் மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசினா ஆறிடும் தம்பி” என்றார்.

வாத்தின் செட்டைகள் குட்டையாக, ஓரம் கிழிந்த பாய்போல இருந்தன. வழக்கமாகச் செட்டை நுனிகள் மூடியிருக்கும் இடத்தில், வாலுக்கு மேலே உள்ள வெள்ளைப் பட்டை வெளியே தெரிந்தது. புல் முழுக்க நீளமான பழுப்பு இறகுகள் சிதறிக் கிடந்தன.

“முறியேல்லை அம்மா. இது இறகு கொட்டுற காலம். இன்னும் ஒரு மாசத்தில பறக்கும்” என்றேன். பையன்களிடம் துவாயை மடித்து வைக்கச் சொன்னேன். கூட்டம் கலைந்தது. நானும் கோழியைப் பார்க்கப் போய்விட்டேன்.

நான் சொன்னது சரி. ஆனால் அந்த வாத்துக்கு உண்மையிலேயே காயம் இருந்தது. அது எனக்குத் தெரியவந்தபோது இரவு பத்து மணி. இடையில் போன அந்த ஐந்து மணித்தியாலம் மனதை விட்டுப் போகவில்லை. இதை எழுதுவதற்கு அதுதான் முதல் காரணம்.

இறகு கொட்டும் காலம்

காகம், குருவி எல்லாம் பறப்பிறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்து ஒவ்வொன்றாக முளைக்க வைக்கும். பறக்க முடியாத நாள் என்று அவற்றுக்கு ஒன்று வராது. வாத்துக்கும் தாராவுக்கும் அன்னத்துக்கும் கதை வேறு. பறப்பிறகு அத்தனையையும் ஒரேயடியாகக் கொட்டிவிடும். கனடா வாத்துக்கு இது ஜூன், ஜூலையில் வரும். நாலிலிருந்து ஆறு கிழமைக்கு அது தரையிலும் தண்ணீரிலும் வாழும் பறவை. குஞ்சில்லாத வாத்துகள் பல இதற்கென்றே முன்கூட்டி வடக்கே, ஹட்சன் விரிகுடா, ஜேம்ஸ் விரிகுடாப் பக்கம் பறந்துபோய் அங்கே இறகைக் கொட்டுகின்றன. குஞ்சுள்ளவை போக முடியாது. பூங்காவிலேயே, தண்ணீரை விட்டுத் தூரம் போகாமல் நிற்கும். பெற்றோருக்குப் புது இறகு நிறைவதும் குஞ்சுகளுக்கு முதல் இறகு நிறைவதும் கிட்டத்தட்ட ஒரே நேரம். குடும்பம் ஒன்றாக எழும்பும்.

ஆகவே ஜூன் கடைசியில் பறக்காத வாத்து என்பது செய்தியே இல்லை. இதேபோல ஆட்களைப் பதறவைக்கும் வேறு சில காட்சிகளும் உண்டு. ஒற்றைக் காலில் நிற்பது ஓய்வு. மற்றக் காலை வயிற்று இறகுக்குள் சூட்டுக்காக வைத்திருக்கும். கழுத்தைத் தாழ்த்திச் சீறுவது வலியால் அல்ல, குஞ்சுக்குக் கிட்டப் போகாதே என்று சொல்வது. செட்டையின் கடைசி மூட்டு வெளிப்பக்கம் திருகி, இறகுகள் பக்கவாட்டில் குச்சிபோல நீட்டிக்கொண்டு நிற்கும் வாத்துகளையும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ‘ஏஞ்சல் விங்’ என்பார்கள். குஞ்சாக இருக்கும்போது பாண் மாதிரி மாச்சத்து மிகுந்த சாப்பாடு கிடைத்து, எலும்பும் தசையும் தாங்குவதற்கு முதல் இறகு பாரமாக வளர்ந்துவிடுவதுதான் இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணம். சில கிழமைக் குஞ்சு என்றால் செட்டையை ஒட்டிக் கட்டித் திருத்தலாம். வளர்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது. பாண் போடுகிறவர்கள் அன்பில்தான் போடுகிறார்கள். ஆனால் பறக்கவே முடியாமல் போகிற ஒரு பறவைக்கு அந்த அன்பால் என்ன பயன்? ரொறன்ரோப் பூங்காக்களில் காட்டுயிர்களுக்குச் சாப்பாடு போடக்கூடாது என்று விதியே இருக்கிறது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் செட்டையைப் பார்த்ததும் முடிவு எடுத்துவிட்டேன். காலைப் பார்க்கவில்லை.

நாற்பது விநாடிக் காணொளி

வீட்டுக்கு வந்து, படுக்கப் போகும் நேரம் மகள் தன் தொலைபேசியில் எடுத்த காணொளியைக் காட்டினாள். நாற்பது விநாடிதான் இருக்கும். குஞ்சுகள் தண்ணீருக்கு நடக்கின்றன. ஒரு பெரிய வாத்து முன்னால், மற்றது பின்னால். பின்னால் போவது நடக்கவில்லை, தத்துகிறது. இடது கால் நிலத்தில் பட்டதும் படாததுமாக மேலே போகிறது. தடுமாறும்போது செட்டையை விரித்துச் சமாளிக்கிறது. அந்த விரிப்பைப் பார்த்துத்தான் எல்லாரும் செட்டையில் பிழை என்று நினைத்திருக்கிறார்கள்.

நான் கிட்டப் போனபோது அது ஒற்றைக் காலில் நின்றது. “ஓய்வெடுக்குது” என்று என் மூளை அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தது.

திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தோம். இடது பாதம் வலது பாதத்தைவிடப் பருமனாக இருந்தது. கணுவுக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் இறுக்கிக் கட்டியதுபோல ஒரு வெட்டு. மகள்தான் அதைக் கண்டாள்.

“அப்பா, அது தூண்டில் நூல்.”

ஊரில் தங்கூசி என்போம். நைலோனில் செய்த ஒற்றை இழை. புளஃபர்ஸ் பார்க்கின் உள்குளங்களில் ஆண்டு முழுக்க மீன்பிடிக்கிறார்கள். அறுந்த தங்கூசி கரையில் கிடந்தால் யாருக்கும் தெரியாது, அவ்வளவு மெல்லியது. சவ்வுக் காலோடு நடக்கிற பறவைக்கு அது ஒரு சுருக்கு. ஒரு அடி வைக்கும்போது சுற்றும், அடுத்த அடியில் இறுகும். பிறகு கால் வீங்கும்; வீங்க வீங்க நூல் உள்ளே போகும். இரத்த ஓட்டம் நின்ற பகுதி மெல்ல மெல்லச் சாகும். தானாக அவிழாது.

ஞாயிற்றுக்கிழமை: காத்திருந்த நாள்

காலையில் நானும் மகளும் திரும்பிப் போனோம். அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கவே இரண்டு மணித்தியாலம் பிடித்தது. கரையில் பத்துப் பதினைந்து குடும்பங்கள், எல்லாம் ஒரே கறுப்புக் கழுத்து, ஒரே வெள்ளைக் கன்னம். நாலு குஞ்சு, தத்தும் நடை, இந்த இரண்டையும் வைத்துத்தான் பிடித்தோம். கிட்டப் போகாமல், புல்லில் உட்கார்ந்து பெரிதாக்கிப் படம் எடுத்தோம்.

காட்டுயிர் மீட்பு நிலையம் ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆள் எடுக்கவில்லை, விபரத்தைச் சொல்லிக் காணொளியை அனுப்பும்படி பதிவுக் குரல் சொன்னது. கோடையில் இவர்களுக்கு ஒரு நாளில் வரும் அழைப்புகள் கணக்கில்லாதவை. மத்தியானம் கடந்து ஒரு பெண் திரும்ப எடுத்தார். அவர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதி வைத்தேன், ஏனென்றால் நான் முதல் நாளே எனக்குள் கேட்டிருக்கவேண்டியவை அவை.

அந்தக் காலில் பாரம் வைக்கிறதா, இல்லையா? புல் மேய்கிறதா? நீந்துகிறதா, நேராக நீந்துகிறதா, வட்டம் போடுகிறதா? தலை நடுங்குகிறதா, கழுத்து திருகியிருக்கிறதா? இவை பறவைக் காய்ச்சலுக்காக. 2022இல் ஒன்ராறியோவுக்கு வந்த எச்5என்1 என்னும் பறவைக் காய்ச்சல் வைரசு கனடா வாத்துகளையும் தாக்கியது. அந்த அறிகுறி இருந்தால் பொதுமக்கள் யாரும் தொடவே கூடாது. இரண்டு செட்டையும் கூரைபோலத் தொங்குகிறதா, எச்சம் கடும்பச்சையா? இவை ஈய நஞ்சுக்காக. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக் குண்டு பாவிப்பதைக் கனடா முழுவதும் 1999இல் நிறுத்திவிட்டார்கள். தூண்டிலில் கட்டும் சிறிய ஈயத்துக்குத் தேசியப் பூங்காக்களிலும் தேசிய வனவிலங்குப் பகுதிகளிலும் 1997 முதல் தடை. ஆனால் நகரப் பூங்காக் குளத்தின் அடியில் கிடக்கும் ஈயத்தைச் சரளைக்கல் என்று வாத்து இன்னும் விழுங்கலாம். உணவை அரைப்பதற்குக் கல் விழுங்கும் பறவை அது.

எங்கள் வாத்து மேய்ந்தது, நேராக நீந்தியது, தலை உறுதியாக இருந்தது. கால் மட்டும்தான்.

“நொண்டி மட்டும் என்றால், பறந்து நீந்தி மேயும் வாத்தை விட்டுவிடச் சொல்வோம். சுளுக்கு தானே ஆறிவிடும். நூல் ஆறாது. நாளை விடியவே வருகிறோம். அதுவரை துரத்தவேண்டாம்” என்றார்.

அந்த “துரத்தவேண்டாம்” எனக்குக் கடினமாக இருந்தது. கையில் துவாய் இருக்கிறது, பறக்க முடியாத பறவை பத்து அடியில் நிற்கிறது. ஆனால் அவர் சொன்ன காரணம் விளங்கியது. முதல் முயற்சி பிழைத்தால் அது தண்ணீருக்குள் போகும். பிறகு மனித உருவத்தைக் கண்டாலே கரைக்கு வராது. துரத்தி ஓடவைத்தால் தசைகளே சிதைந்துபோகும் அபாயமும் உண்டு. அன்று பின்னேரம் முழுக்க நாங்கள் செய்தது, கிட்டப் போன பிள்ளைகளையும் நாய்களையும் தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டு நின்றது மட்டும்தான்.

அந்தச் சமயத்தில்தான் நண்பர் ஒருவர் தொலைபேசியில், “உலகத்தில இல்லாத கூஸே? கோல்ஃப் திடலெல்லாம் எச்சம். ஒண்டுக்கு ஏன் இந்தப் பாடு?” என்று கேட்டார். நியாயமாகக் கேட்டார். ஆனால் நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். கனடா வாத்துகளில் மிகப் பெரிய வகை அழிந்தேபோய்விட்டது என்று 1950களில் நம்பினார்கள். 1962இல் ஹரல்ட் ஹான்சன் என்ற ஆய்வாளர் மினசோட்டா மாநிலம் ரொசெஸ்டர் நகரில் சில்வர் லேக் என்னும் குளத்தில் நின்ற வாத்துகளை எடைபோட்டுப் பார்த்தபோதுதான் அவை உயிரோடு இருப்பது தெரிந்தது. அதுவும் ஒரு நகரப் பூங்காவின் குளம். பிறகு 1960களின் கடைசியிலிருந்து தெற்கு ஒன்ராறியோவில் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நாங்கள் இன்று ‘கூடிப்போச்சு’ என்று சலித்துக்கொள்ளும் கூட்டம், மனிதர் கைவிட்டுப் பிறகு மனிதரே கைகொடுத்து வந்த கூட்டம். அதைவிட, அந்தக் காலில் இருந்தது நரி கடித்த காயமோ கழுகு கிழித்த காயமோ அல்ல. எங்களைப்போல ஞாயிறு கழிக்க வந்த யாரோ அறுத்து எறிந்துவிட்டுப் போன நூல்.

திங்கள் காலை

ஆறு மணிக்கு மீட்பு நிலையத்திலிருந்து ஒரு பெண் மட்டும் வந்தார். நீண்ட பிடியுள்ள வலை, பெரிய துவாய் இரண்டு, காற்றுத்துளை போட்ட மட்டைப்பெட்டி, கையுறை, முகக்கவசம். வேலைக்குப் போகும் வழியில் நானும், எழுப்பாமலே எழும்பிய மகளும்.

வலையைவிட நாங்கள் நிற்கும் இடம்தான் முக்கியம் என்றார். இறகு கொட்டிய வாத்துக்குத் தப்ப ஒரே வழி தண்ணீர். விடியற்காலையில் குடும்பம் கரையேறிப் புல் மேயும். மேய்ந்துகொண்டே தண்ணீரை விட்டு இருபது, இருபத்தைந்து அடி உள்ளே வரும்வரை பொறுத்திருந்து, பிறகு கரையோரமாக மெல்ல நடந்து தண்ணீருக்கும் அதற்கும் இடையில் வந்துவிடவேண்டும். வாத்தைப் பார்த்து நடக்கக்கூடாது. சும்மா போகிறவர்கள்போல, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. நாற்பது நிமிடம் பொறுத்திருந்தோம். நடந்து முடிக்க மூன்று நிமிடம் போதுமாயிருந்தது.

மற்றப் பெரிய வாத்து கழுத்தை நீட்டிக்கொண்டு என் மேல் பாய்ந்தது. குஞ்சுகள் எங்களைச் சுற்றித் தண்ணீருக்குள் ஓடின. அவற்றை விட்டுவிடச் சொல்லியிருந்தார். எங்கள் வாத்து எதிர்ப்பக்கம் தத்த, ஒரே வீச்சில் வலை விழுந்தது. அடுத்த நொடி தலைமேல் துவாய். கண் மறைந்ததும் அடங்கிவிட்டது.

பிடிக்கும் விதத்தை அவர் செய்துகொண்டே சொன்னார். இரண்டு செட்டையையும் உடம்போடு சேர்த்து அணைக்கவேண்டும். செட்டை மூட்டால் அது அடிக்கும் அடி நல்லாவே நோகும். தலை எங்களுக்குப் பின்பக்கம் பார்க்கவேண்டும். நெஞ்சை இறுக்கக்கூடாது. பறவைக்கு எங்களைப்போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் மூச்சிழுக்கும் தசை) இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் இறுக்கிக் கட்டிப்பிடிக்கிறவர்களின் கையிலேயே பறவை மூச்சு முட்டிச் செத்துப்போகலாம். சனிக்கிழமை அந்தப் பையன்கள் பிடித்திருந்தால் என்று நினைத்தேன்.

“இங்கேயே நூலை வெட்டி விட்டுவிடலாமே?” என்று கேட்டேன். என் மகளின் கேள்வியும் அதுதான். வெளியே தெரியும் சுற்றை வெட்டினாலும், தோலுக்குள் புதைந்த சுற்று அப்படியே இருக்கும் என்றார். நூலின் மறுமுனையில் கொக்கி இருக்கலாம். அதை விழுங்கியிருக்கவும் கூடும். அதோடு, இறுக்கம் விட்டபிறகு எந்தச் சதை பிழைக்கும், எது சாகும் என்பது அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்துத்தான் தெரியும். விட்டுவிட்டால் அந்த நாளில் அதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

பெட்டி மூடியாயிற்று. தண்ணீர் இல்லை, சாப்பாடு இல்லை, வானொலி இல்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. இருட்டும் அமைதியும் மட்டும். கரையில் மற்ற வாத்து குஞ்சுகளோடு நீந்தியபடி கத்திக்கொண்டே இருந்தது. மகள் காருக்குள் ஏறியபிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இந்தப் பறவைகள் சோடி சேர்ந்தால் பெரும்பாலும் சாகும்வரை ஒன்றாகவே இருக்கும். குஞ்சுகளை ஒன்று தனியாகவும் பார்த்துக்கொள்ளும் என்று அந்தப் பெண் சொன்னது சரிதான், இருந்தாலும் அந்தச் சத்தம் நெஞ்சைப் பிசைந்தது.

நிலையத்தில்

நான் தாய் வாத்து என்றே நினைத்திருந்தேன். பார்வையால் ஆண் பெண் சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்து ஆண் என்றார்கள். எடை 3.4 கிலோ. இறகு கொட்டும் காலத்தில் எல்லா வாத்தும் மெலியும்தான், ஆனாலும் இந்த உடம்புக்கு அது குறைவு. எக்ஸ்றேயில் கொக்கியும் இல்லை, ஈயமும் இல்லை. மயக்கம் கொடுத்து நூலை எடுத்தார்கள்: ஏழு சுற்று, அதில் இரண்டு தோல் மூடி வளர்ந்திருந்தது. ஐந்தாம் நாள் வெளிவிரலின் நுனி கறுத்துவிட்டது. அதை மட்டும் அகற்றினார்கள். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் முழுப் பாதமும் போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னதாக எனக்கு அனுப்பிய குறிப்பில் இருந்தது.

நீர்ப்பறவையை அடைத்து வைப்பதே ஒரு ஆபத்து. கடினமான தரையில் நின்றால் பாதத்தின் அடியில் புண் வரும், அது எலும்புவரை போகும். அதனால் மெத்தென்ற விரிப்பும், நாளாந்தம் தண்ணீரில் விடுவதும். வீட்டு கராஜில் வைத்து வளர்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். சட்டமும் விடாது. கனடா வாத்து 1916இல் கைச்சாத்தான வலசைப் பறவை உடன்படிக்கையின் கீழ் வருகிறது. இன்று நடைமுறையில் இருப்பது 1994ஆம் ஆண்டுச் சட்டம். ஒன்ராறியோவில் காயப்பட்ட காட்டுயிரை அனுமதி பெற்ற பராமரிப்பாளரிடம் சேர்ப்பதற்காக 24 மணித்தியாலம் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் வைத்திருக்கவோ வைத்தியம் பார்க்கவோ கூடாது.

அந்த அம்மாவின் மஞ்சளையும் நல்லெண்ணெயையும் பற்றி நிலையத்தில் கேட்டேன். அவர் மனதார உதவ நினைத்தவர், கேட்காமல் விட மனமில்லை. இறகில் எண்ணெய் பட்டால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே இறங்கும், பறவை குளிரில் விறைக்கும் என்றார்கள். காயத்துக்கு நல்லதாகவே இருந்தாலும் வாத்துக்கு அது கூடாது. அடுத்த சனிக்கிழமை அவரைப் பார்க்கில் தேடினேன், காணவில்லை.

நான் திரும்ப இப்படி ஒன்றைக் கண்டால், முதலில் உட்காருவேன். பத்து நிமிடம் கூட்டம் இல்லாமல் விட்டுப் பார்ப்பேன். மற்ற வாத்துகள் எழும்பி நடக்கும்போது இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் போதும். ஒரு வாத்துக்கு எது இயல்பு என்பதைப் பக்கத்து வாத்து காட்டித்தரும். இரண்டு காலையும் பார்ப்பேன். காணொளி எடுத்து, பார்க்கில் எந்தக் குளம், எந்த நடைபாதை என்று குறித்துக்கொண்டு அழைப்பேன். ரொறன்ரோவில் யாரை அழைப்பதென்று தெரியாவிட்டால் 311 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் மாநகரின் விலங்குச் சேவைக்குக் கொடுப்பார்கள்.

இருபத்துநாலாம் நாள், ஜூலை நடுப்பகுதி தாண்டி, பிடித்த அதே கரையில் விட்டார்கள். வேலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் அது உடனே வெளியே வரவில்லை. தலையை மட்டும் நீட்டி, தண்ணீரைப் பார்த்தது. பிறகு இறங்கி நடந்தது. இடது பாதம் முழுதாக நிலத்தில் பட்டது. செட்டையில் புது இறகு நுனிவரை வந்துவிட்டிருந்தது.

நாலு பெரிய குஞ்சுகளோடு ஒரு வாத்து எங்காவது நிற்கிறதா என்று நாங்கள் தேடினோம். அப்போது குஞ்சுகளும் பெரியவையும் ஒரே அளவு, பிரித்துச் சொல்ல முடியவில்லை. தண்ணீரில் இறங்கிய எங்கள் வாத்து இரண்டு தரம் கத்தியது. வளைவுக்கு அப்பால் படகுகள் கட்டியிருக்கும் பக்கத்திலிருந்து ஒரு பதில் வந்தது. அது அந்தப் பக்கம் திரும்பி நீந்தியது.

மகள் கரையோரமாகக் குனிந்து நடந்துகொண்டிருந்தாள். கார் நிறுத்திய இடத்துக்கு வருவதற்குள் அவள் கைக்குள் ஒரு உருண்டை தங்கூசி சேர்ந்திருந்தது.